சலேத்மேரியின் கைவாசம்

கூண்டுக் கதவைத் திறந்து கால் மணி நேரம் ஆகியும் ஒரு மீன்கூடச் சாமந்திப் பக்கம் போகவில்லை.

சலேத்மேரி இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். புடவைக்கு மேல் போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நீர்க்கண்ணாடியை முகத்தில் அழுத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். இருபத்து நான்கு கோமாளி மீன்கள். கட்டைவிரல் நீளம், கருத்த உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். இரண்டு முழத் தூரத்தில், செத்த பவளப் பாறையின் மேல் கடல் சாமந்தி ஒன்று சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு விரிந்து, நீரோட்டத்தில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பூவைப் போல இருந்தாலும் அது பூவல்ல, ஓர் உயிர். இதழ்போல் நெளியும் ஆயிரம் விரல்களிலும் விஷக் கொடுக்கு. வேறு மீன் பட்டால் சுருண்டு போகும். கோமாளிக்கு மட்டும் அது வீடு.

அந்த வீட்டைத்தான் இருபத்து நான்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

"போங்களேன். இந்தா இருக்குல்ல" என்று அவள் கையை நீட்டி ஒதுக்கிவிட்டாள். நீட்டியதுதான் தாமதம், அத்தனையும் அந்தக் கையைச் சுற்றி மொய்த்துக்கொண்டன. இரண்டு மீன்கள் விரலிடுக்கில் உடம்பை நுழைத்து, உள்ளங்கையில் வயிற்றை உரசின. அவள் கையை இழுத்தாள். அவையும் வந்தன. அடுத்த சாமந்தியை நோக்கி நடந்தாள். பின்னாலேயே வரிசையாக வந்தன.

படகில் இருந்த ராயப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சலேத்மேரியின் கணவனுக்குத் தம்பி அவன். "மதினி, நீ பாட்டுக்குக் கரைக்கு நட. கடல்ல உள்ள மீனெல்லாம் ஒன் பின்னால வந்துரும். வலையும் வேணாம், படகும் வேணாம் எனக்கு."

"வாய மூடுறா. கண்ணாடிய எறக்கி அந்தப் பாறைக்கு அங்கிட்டுப் பாரு."

பாறை இடுக்கில் கலவா மீன் ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியபடி காத்திருந்தது. ராயப்பன் சிரிப்பை நிறுத்தினான்.

சற்றுத் தள்ளி நீரிலிருந்து தலை தூக்கினாள் ஹிதாயா. கீழக்கரைப் பெண். மண்டபத்து ஆய்வு நிலையத்தில் கடல் உயிர்களைப் பற்றி ஆராய்பவள். வாயிலிருந்த காற்றுக் குழாயை எடுத்துவிட்டு, "திரும்பக் கூண்டுல புடிச்சுப் போட்டுருவோம்க்கா" என்றாள். அவள் குரலில் களைப்பு தெரிந்தது. இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் கூண்டைத் திறந்துவிட்டு நம்பிக் கரைக்குப் போனார்கள். மறுநாள் வந்து பார்த்தபோது மீன் ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் மன்னார் வளைகுடாவின் தண்ணீர் நாற்பது நாள் கஞ்சி போலச் சுட்டது. பவளம் வெளுத்தது, பிறகு செத்தது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை ஒரு கடல் சாமந்திகூட மிஞ்சவில்லை. வீடு போன கோமாளி மீன்களைப் பெரிய மீன்கள் ஒரே மாதத்தில் தின்று தீர்த்தன. தப்பியது, வேதாளைக்குப் பக்கத்தில் பெண்கள் நடத்திய மீன்குஞ்சுப் பொரிப்பகத்தின் தொட்டிகளில் இருந்தவை மட்டும்தான். பட்டணத்து வீடுகளின் கண்ணாடித் தொட்டிகளுக்காக வளர்க்கப்பட்ட மீன்கள் அவை. சலேத்மேரி அங்கே இருபத்து மூன்று வருடமாக மீன் வளர்க்கிறாள்.

சூட்டைத் தாங்கும் புதுச் சாமந்தியை, சேமித்து வைத்திருந்த பழைய திசுவிலிருந்து ஆய்வு நிலையம் உருவாக்க ஏழு வருடம் ஆனது. நண்டுத்திட்டு என்கிற இந்தச் சின்னத் தீவின் விளிம்பில் நாற்பதை நட்டார்கள். ஆனால் சாமந்தி தனியாகப் பிழைக்காது. வண்ணத்துப்பூச்சி மீன்கள் கூட்டமாக வந்து அதன் விரல்களைக் கொறித்துவிடும். அவற்றை விரட்டக் கோமாளி வேண்டும். கோமாளி ஒளியச் சாமந்தி வேண்டும். நட்ட நாற்பதில் ஒன்பது ஏற்கெனவே மொட்டையாகிவிட்டன. சித்திரை கடைசியில் கச்சான் காற்று எழுந்து, தென்கடல் என்று ஊரார் சொல்லும் இந்த வளைகுடா கலங்குவதற்குள் மீன்கள் குடியேறாவிட்டால் மற்றவையும் போய்விடும்.

மீன்களைக் கூண்டில் பிடிக்கச் சிரமமே இல்லை. சலேத்மேரி கையைக் கூண்டுக்குள் விட்டாள். தாமே உள்ளே போய்விட்டன.

மறுநாள் காலை ஹிதாயா பொரிப்பகத்துக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முட்டைலேருந்து காட்டுங்கக்கா. நீங்க என்னென்ன செய்றீங்களோ ஒண்ணுவிடாம."

"எல்லாம் ஒங்க ஆளுக சொல்லிக் குடுத்ததுதான் டாக்டரம்மா. புதுசா என்னத்தச் செஞ்சேன்."

தொட்டிக்குள் சாய்த்து வைத்த மண் ஓட்டின் மேல் செம்மஞ்சள் முட்டைகள் கைக்குட்டை அளவுக்கு அப்பியிருந்தன. பெட்டைதான் பெரியது. அது மேலே மிதந்தபடி மேற்பார்வை பார்த்தது. ஆண் மீன் ஓட்டுக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. பொழுது போகாதவன் தெருமுனையில் நிற்பதைப் போல நின்றது.

சலேத்மேரி வலது கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டாள். முட்டைகளுக்கு மேலே உள்ளங்கையை விரித்து, தூளியை ஆட்டுவதுபோல மெதுவாக அசைத்தாள். முட்டைகள் ஒரே சீராகச் சாய்ந்து நிமிர்ந்தன. ஹிதாயா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"இதா? யாரும் இல்ல. நாப்பதாம் வருசம் ஒரு பெரும்புயல் அடிச்சுச்சுல்ல, அப்ப பதினோரு நாளு கரண்டு இல்ல. காத்து மோட்டார் ஓடல. முட்டைக்குக் காத்துப் போகலைன்னா வெளுத்துரும். என்ன செய்ய? கையாலயே வீசிவிட்டேன். நாங்க நாலு பேரு மாத்தி மாத்தி வீசுனோம். மத்தவளுக ரெண்டு நாள்ல போயிட்டாளுக. நான் இருந்தேன். அந்தத் தடவ மாதிரி எப்பவும் பொரிச்சதில்ல. அதுலேருந்து மோட்டார் ஓடுனாலும் விட மனசில்ல. காலைல ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம்."

"இருபது வருஷமாவா?"

"சோப்புப் போட மாட்டேன். எண்ண தடவ மாட்டேன். வெறுங்கை" என்றாள் சலேத்மேரி. எதற்கோ குற்றம் பிடிக்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

ஹிதாயா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று நாள் கழித்து, இங்கிலீஷ் எழுத்து ஒய்யைப் போல இரண்டாகப் பிரியும் ஒரு கண்ணாடி வாய்க்காலோடு வந்தாள். ஒரு கிளையில் சாமந்தி இருந்த தொட்டித் தண்ணீர். மறு கிளையில், சலேத்மேரி கால் மணி நேரம் கையை ஊறவைத்திருந்த தண்ணீர். இரண்டும் பார்க்க ஒன்று போலத்தான் இருந்தன. கை எதுவும் உள்ளே இல்லை. பத்து நாள் வயதான குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாய்க்காலின் அடியில் விட்டார்கள். அரிசிமணி அளவுக் குஞ்சு. கொஞ்சம் தயங்கும், தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், பிறகு விறுவிறுவென்று ஒரு பக்கம் ஏறும்.

முப்பது குஞ்சுகளில் இருபத்தொன்பது சலேத்மேரியின் தண்ணீருக்குப் போயின.

ஹிதாயா தன் கையை ஊறவைத்த தண்ணீரை மாற்றிப் பார்த்தாள். ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. ராயப்பனின் கையும் தோற்றது. "என் கைல பீடி நாத்தம்" என்று அவனே காரணம் சொல்லிக்கொண்டான்.

"கடல்ல இது பொறக்குற எடம் சாமந்தியோட காலடிக்கா" என்றாள் ஹிதாயா. கண்ணாடி வாய்க்காலைத் துடைத்துக்கொண்டே, சலேத்மேரியின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "முட்டைக்குள்ள கண்ணு தெரிய ஆரம்பிச்சதும் மூக்கும் வேல செய்யும். சாமந்தியோட வாசம் உள்ள பதிஞ்சிரும். பொரிச்சதும் நீரோட்டம் அடிச்சிட்டுப் போயிரும். பத்து நாளு நடுக்கடல்ல அலைஞ்சிட்டு, அந்த வாசத்தத் தேடித்தான் வீட்டுக்கு வரும். அதுக்கு வீடுன்னா அந்த வாசம்தான். இங்க சாமந்தி இல்ல. முட்டைக்கு மேல இருந்தது ஒங்க கை."

சலேத்மேரி தன் கையைப் பார்த்தாள். ஓரத்தில் வெடித்த தோல், உப்பில் வெளுத்த நகங்கள்.

"அப்ப மொத ரெண்டு தடவையும் போச்சே, அம்பது அறுபது மீனு."

"ஒங்களத் தேடித்தான் அலைஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று ஹிதாயா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சலேத்மேரி வீட்டுக்குப் போய் வெறும் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிசையக் கை வரவில்லை. கரண்டியால் தின்றாள்.

முட்டையிடும் வயதில் ஒரே ஒரு சோடிதான் மிச்சம் இருந்தது. அதுவும் கிழம். இன்னும் ஏழெட்டு முறை முட்டையிட்டால் அதிகம் என்று சலேத்மேரிக்குத் தெரியும். அடுத்த முட்டைகளை அவள் தொடக்கூடாது என்று முடிவானது. சாமந்தித் தொட்டியின் தண்ணீரைக் குழாய் வழியாக விட்டார்கள். காற்று மோட்டாரைப் பார்த்துக்கொள்ள நிலையத்திலிருந்து ஆள் வந்தான். சலேத்மேரி கொட்டகைக்குள் வரவில்லை. வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாசி உலர்த்தினாள்.

நான்காம் நாள் முட்டைகள் வெளுத்தன. ஐந்தாம் நாள் ஓடு சுத்தமாக இருந்தது. ஆண் மீன் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. அதே கதை.

ஹிதாயா மரத்தடிக்கு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "மோட்டார் போதலக்கா. அப்பன் மீனு துடுப்பால வீசணும், வாயால ஒவ்வொரு முட்டையா நீவி அழுக்கெடுக்கணும். இது சும்மா நிக்குது. வீசத் தெரியல அதுக்கு."

"அதோட அப்பனுக்கும் தெரியாது" என்றாள் சலேத்மேரி. "அதுக்கு அப்பனுக்கும் தெரியாது. எல்லாத்துக்கும் நான்தானே வீசுனேன். வீசாத சோம்பேறி பெத்ததும் பொழச்சிருச்சு, வீசுறவன் பெத்ததும் பொழச்சிருச்சு. பன்னெண்டு தலமுற." பாசியை உதறி மறுபக்கம் புரட்டிப் போட்டாள். "பாசமா வளத்தேன்னு நெனச்சேன் டாக்டரம்மா. அப்பன் வேலையவும் புடுங்கிக்கிட்டேன், வீட்டையும் புடுங்கிக்கிட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. நீங்க இல்லேன்னா இந்த மீனே இல்ல இன்னைக்கு."

"அதுவும் சரிதான்" என்றாள் சலேத்மேரி. சமாதானத்துக்காகச் சொன்ன மாதிரி இல்லை. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருந்தது.

சித்திரையில் கச்சான் எழுந்தது. நண்டுத்திட்டில் கடைசிச் சாமந்தியும் மொட்டையான செய்தி வந்தபோது அவள் மறுபடி கிழச்சோடியின் முட்டைகளுக்குக் கை வீசிக்கொண்டிருந்தாள். வேறு வழி இல்லை. கை வீசினால் குஞ்சு பொரிக்கும், கடலில் சாகும். வீசாவிட்டால் பொரிக்கவே பொரிக்காது.

ஹிதாயா வந்து தொட்டிக்கு எதிரில் நின்றாள். உட்காரவில்லை.

"ஒண்ணு இருக்கு. சொல்லவா வேணாமான்னு மூணு நாளாத் தூக்கம் இல்ல."

"ஒக்காந்து சொல்லு."

"மீனுக்கு ஒங்க வாசத்த மறக்க வைக்க முடியாது. சாமந்திக்கு ஒங்க வாசத்தக் குடுக்கலாம்."

சலேத்மேரி கையை நிறுத்தாமல் சிரித்தாள். "எப்பிடி? கைய வெட்டி நட்டு வைப்பீகளா?"

"ஒங்க தோல்லேருந்து தண்ணில கலக்குற சரக்கு நூத்துக்கணக்குல இருக்கு. அதுல மீனு மோந்து பாக்குறது ஆறே ஆறு. அதக் கண்டுபிடிச்சிட்டோம். சாமந்தி நாங்க வளக்குறதுதானே. அது ஒடம்புமேல ஒரு வழுவழுப்பு சுரக்குதுல்ல, அதுல இந்த ஆறும் சேந்து சுரக்குற மாதிரி மாத்த முடியும். அதோட சொந்த வாசமும் இருக்கும், ஒங்க வாசமும் இருக்கும். அது குட்டி போட்டாலும் குட்டிக்கும் அதே வாசம்."

"நல்லதுதானே. இதுக்கா தூக்கம் இல்ல?"

"மேலிடத்துல ஒடனே செய்யச் சொல்றாங்க. நண்டுத்திட்டு மட்டும் இல்ல, தூத்துக்குடி வரைக்கும் நடலாங்குறாங்க. நான்தான் ஒங்ககிட்ட கேக்காம கை வைக்க மாட்டேன்னேன். ஒரு மனுஷியோட வாசத்தக் கடல் பூராப் பரப்பிவிடுறது சரியாக்கா? நீங்களும் நானும் போனப்புறமும் அது அங்கயே இருக்கும்."

"கடல்ல என்னென்னத்தையோ கலந்தாக. கொதிக்கவே வச்சாக. அப்பல்லாம் எவளக் கேட்டாக?" சலேத்மேரி கையை வெளியே எடுத்து உதறினாள். "நாலு முட்ட பொரிக்குற வாசத்தக் கலக்குறதுக்கு நம்ம ரெண்டு பேரும் ஒக்காந்து நாயம் பேசிக்கிட்டிருக்கோம்."

ஹிதாயா சிரிக்கவில்லை. அப்போதுதான் சலேத்மேரிக்கு, இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று பட்டது.

"சொல்லும்மா."

"அந்தச் சாமந்திகள நட்டப்புறம் நீங்க தென்கடல்ல எறங்கக் கூடாது."

"திட்டுலயா?"

"எங்கயும். கரையில கால நனைக்குறதுகூட. நீங்க எறங்குனா, சாமந்தில இருக்குற வாசத்தவிட ஒங்க வாசம் பலமா அடிக்கும். நடுக்கடல்ல அலையுற குஞ்சு கரைப்பக்கம் திரும்பிரும். பெரிய மீனு வீட்ட விட்டு வெளிய வந்துரும். வெளிய கலவா நிக்குது."

"எத்தன நாளைக்கு?"

ஹிதாயா தரையைப் பார்த்தாள். "நீங்க இருக்குற வரைக்கும்."

சலேத்மேரியின் வீட்டு வாசலிலிருந்து தென்கடலுக்கு எழுபது தப்படி. எட்டு வயதில் அம்மாவோடு பாசி எடுக்க முதன்முதலாக அதில் முங்கினாள். காலையில் பல் துலக்கியதும் முழங்கால் வரை நனைத்துவிட்டு வந்தால்தான் அவளுக்கு நாள் தொடங்கும். அதுகூடப் பெரிதில்லை. அவள் கணவன் தொம்மை பதினேழு வருடத்துக்கு முன் தென்கடலுக்குப் போனவன். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி கொளுத்தும்போது, கல்லறை இல்லாத வீட்டுப் பெண்கள் பூவோடு கடலுக்குள் இடுப்பளவு நடப்பார்கள். பூவை விட்டுவிட்டு, அலை ஏழு முறை வந்து போகும்வரை நிற்பார்கள். சலேத்மேரி ஏழோடு திரும்பியதில்லை. வெயில் ஏறும்வரை நிற்பாள். ஒரு வருடத்துச் சங்கதி சொல்ல இருக்கும்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

ராயப்பன் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆய்வு நிலையத்தையே திட்டினான். "ஒரு வெரல் நீள மீனுக்காக மதினிய ஊரு விலக்கு வைக்குறமாதிரி கடல் விலக்கு வைப்பாகளா? நீ ஒத்துக்காத. மீனு செத்தா சாகட்டும். எத்தனையோ செத்துப் போச்சு."

"ஆமா. எத்தனையோ செத்துப் போச்சு. அதெல்லாம் என் கையத் தேடிக்கிட்டுச் சாகல."

ராயப்பன் எழுந்து கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தான். "அப்ப நீ குளிச்ச தண்ணிய எங்கிட்டு ஊத்துறது? அதுவும் கடலுக்குத்தானே ஓடுது" என்றான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவனே வந்து குளியலறைக்குப் பின்னால் ஆழமாகக் குழி தோண்டி, வாய்க்காலை அதற்குத் திருப்பிவிட்டான்.

அவள் நான்கு பக்கச் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்த வருடக் கல்லறைத் திருநாளன்று விடிந்ததும் கடலில் இறங்கியவள் மதியம் வரை வெளியே வரவில்லை. மற்றப் பெண்கள் எல்லாரும் போன பிறகும் நின்றாள். என்ன பேசினாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. கரையேறி வந்து, உப்பைக் கழுவாமல் அப்படியே வாசலில் உட்கார்ந்து காய்ந்தாள்.

கார்த்திகையில் நண்டுத்திட்டில் புதிய சாமந்திகள் நாற்பதை நட்டார்கள். சலேத்மேரி வீட்டில் இருந்தாள். ஹிதாயா படகிலிருந்து போனில் படம் காட்டினாள். கூண்டு திறந்தது. மீன்கள் வெளியே வந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, நேராகச் சாமந்தியிடம் போயின. முதலில் வாலால் ஒரு தொடல், பிறகு வயிற்றால், பிறகு முழு உடம்பாக உள்ளே. கொடுக்கு அவற்றைச் சுடவில்லை. ஒரு மீன் சாமந்தியின் விரல்களுக்கு நடுவே உடம்பைச் சுருட்டிப் படுத்தது.

"பாத்தீங்களா அக்கா? பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. கைய ஆட்டாமப் புடி. ஒண்ணும் தெரியல."

இரண்டு வருடம் கழித்து இன்னொரு படம் வந்தது. கடலில் குடியேறிய ஒரு சோடி சாமந்தியின் காலடியில் முட்டையிட்டிருந்தது. பல ஆண் மீன்கள் சும்மா நின்று முட்டைகளைக் கெடுத்ததாக ஹிதாயா முன்பே சொல்லியிருந்தாள். இந்த ஆண் மீன் முட்டைகள் ஒட்டியிருந்த பாறைப் பக்கம் தலையை வைத்து, மார்புத் துடுப்புகளை விடாமல் வீசியது. நிறுத்தி, வாயால் நீவியது. மறுபடி வீசியது. சலேத்மேரி அந்தப் படத்தைப் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா இதுக்கு?"

"யாரும் இல்லக்கா. எங்கயோ ஒண்ணுக்கு அந்தப் பழக்கம் உள்ளுக்குள்ள மிச்சம் இருந்திருக்கு. இனிமே இதோட பிள்ளைகதான் பொழைக்கும்."

"என்னவிட நல்லா வீசுறான்" என்றாள் சலேத்மேரி.

கல்லறைத் திருநாளுக்கு ராயப்பன் அவளுக்காகப் பூ எடுத்துப் போனான். அவள் மணலில், அலை எட்டாத இடத்தில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். "அண்ணங்கிட்ட என்ன சொல்லணும்?" என்று அவன் முதல் வருடம் கேட்டான். "ஒண்ணும் வேணாம். நீ சொன்னா சிரிப்பாரு" என்றாள். நண்டுத்திட்டில் நாற்பது சாமந்தி இருநூறானது. பக்கத்துத் தீவுகளுக்குப் போனது. யாரும் விடாத இடங்களில் தாமாக வந்து குடியேறிய கோமாளி மீன்களைப் பார்த்ததாக மீனவர்கள் சொன்னார்கள். சில மாலைகளில் தெற்கிலிருந்து காற்று வரும்போது, அந்தத் தண்ணீர் முழுக்கத் தன் கை கலந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அதில் தன் காலை மட்டும் வைக்க முடியாது என்பது வேடிக்கையாக இருக்கும். சில நாள் வேடிக்கையாக இருக்காது.

ஒவ்வொரு மாசியிலும் நிலையத்திலிருந்து ஒரு கண்ணாடிச் சாடியோடு வருவார்கள். அவள் கால் மணி நேரம் அதில் கையை வைத்திருக்க வேண்டும். சாமந்தியின் சுரப்பு மாறிவிடவில்லையே என்று ஒப்பிட்டுப் பார்க்க அது தேவை என்றார்கள். பதினோராவது மாசியில் சாடி போன ஒரு வாரத்தில் ஹிதாயாவே வந்தாள். இப்போது அவள் நிலையத்தில் பெரிய பொறுப்பில் இருந்தாள். தலைத்துணிக்கு வெளியே ஒன்றிரண்டு நரை தெரிந்தது.

"சோதன முடிஞ்சிச்சுக்கா."

"என்ன, சாமந்தி கெட்டுப் போச்சா?"

"சாமந்தி அப்படியே இருக்கு. நூறு குஞ்ச விட்டோம். நூறும் சாமந்திப் பக்கம்தான். ஒங்க தண்ணிக்கு ஒண்ணுகூட வரல. நம்பாம நாலு தடவ செஞ்சேன்."

சலேத்மேரி புருவத்தைச் சுருக்கி அவளைப் பார்த்தாள்.

"ஒங்க கை மாறிருச்சு" என்றாள் ஹிதாயா மெதுவாக. "வயசானா தோலு மாறும், வாசமும் மாறும். போன வருஷம் சக்கரைக்கு மாத்திர வேற ஆரம்பிச்சீங்க. அந்த ஆறுல நாலு இப்ப ஒங்க ஒடம்புலயே இல்ல. இப்படி ஆகும்னு நான் மொதல்லயே யோசிச்சிருக்கணும். 'இருக்குற வரைக்கும்'னு வாய் கூசாமச் சொல்லிட்டேன்."

சலேத்மேரி வலது கையை மூக்கருகே கொண்டுபோனாள். வெங்காயம், கொஞ்சம் பவுடர். தன் வாசம் தனக்கு எப்படித் தெரியும்.

"அப்ப அங்க இருக்குறது?"

"அது நீங்கதான். அம்பது வயசு சலேத்தக்கா."

"அவ இருக்கட்டும்" என்றாள் சலேத்மேரி. எழுந்து உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. ஹிதாயா கவலைப்பட்டு எட்டிப் பார்த்தபோது, அவள் பெட்டியைத் திறந்து ஒரு பழைய சட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ராயப்பனுக்கு முழங்கால் போய்விட்டது. ஆனாலும் படகை வேறு யாரிடமும் விடமாட்டேன் என்றான். கடல் வற்றும் நேரம் பார்த்து, முற்பகலில் திட்டின் ஓரத்தில் நிறுத்தினான். "வழுக்கும் மதினி. பாத்து. பதினோரு வருசமா நடக்காத தரை."

"நீ ஒன் மூட்டப் பாரு."

அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை விட்டாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. தண்ணீர் அவள் நினைத்து வைத்திருந்ததைவிடச் சில்லென்று இருந்தது. சற்று நேரம் அசையாமல் நின்றாள். ஹிதாயா பக்கத்தில் இறங்கினாள், தாங்கிப் பிடிக்கவில்லை, தாங்கும் தூரத்தில் நின்றாள்.

கண்ணாடியைப் போட்டுக் குனிந்தாள். பாறையில் இளம் பவளங்கள் விரல் விரலாக எழுந்திருந்தன. அவற்றுக்கு நடுவே சாமந்தி, முறம் அளவுக்குப் பெருத்து, நீரோட்டத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கோமாளி எட்டிப் பார்த்தது. பெரிய பெட்டை, அவள் உள்ளங்கை நீளம் இருக்கும். பின்னால் சிறிதாக ஆண். அதற்கும் பின்னால் குட்டிகள் இரண்டு.

சலேத்மேரி கையை நீட்டினாள். தொடவேண்டும் என்றில்லை. கை தானாக அப்படிப் போனது.

பெட்டை சாமந்தியை விட்டு ஒரு முழம் வெளியே வந்தது. நின்றது. பிறகு அம்பு போலப் பாய்ந்து அவள் சுட்டுவிரலைக் கவ்வி இழுத்துக் கடித்தது. விட்டுவிட்டுத் திரும்பி ஓடியது. அவள் கையை எடுக்காததைப் பார்த்து மறுபடி வந்து, இன்னும் பலமாக ஒரு கடி.

அவள் தலையைத் தூக்கினாள். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அதைக் கழற்றிக் கொட்டினாள்.

"என்னக்கா? என்னாச்சு?"

"கடிச்சிருச்சும்மா." விரல் நுனியில் சின்னச் சிவப்புத் தடம் இருந்தது. அதை ஹிதாயாவுக்குக் காட்டினாள். படகுப் பக்கம் திரும்பி ராயப்பனுக்கும் காட்டினாள். "ரெண்டு தடவ கடிச்சிருச்சு."

"வலிக்குதா?"

"வீட்டுக்குள்ள எவளோ கைய நீட்டுனா வீட்டுக்காரி பின்ன என்ன செய்வா?"

கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள். இந்த முறை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்தாள்.